சும்மாடு வெச்ச கண் மாஸ்க்

குழு: தோட்டத்து ஊட்டுக் குடும்பம்

ஞாயிற்றுக்கிழமை

அம்மா, காலை 9:14
எல்லாருக்கும் வணக்கம். டெல்லிக்கு டிக்கெட் போட்டாச்சு. கொங்கு எக்ஸ்பிரஸ். ஞாயித்துக்கிழமை ஈரோட்டுல ஏறுனா செவ்வாய்க்கிழமை காலைல தான் நிஜாமுதீன். எங்கம்மாவுக்கு, அதான் உங்க அம்மிச்சிக்கு, கீழ் பெர்த் கெடச்சிருச்சு.

டெல்லி அக்கா, 9:20
அம்மிச்சி வர்றாங்களா! கொள்ளுப்பேரனுக்கு அன்னைக்குத் தான் 40 நாள்.

பெரியம்மா காங்கயம், 9:31
ரெண்டு ராத்திரி அம்மா தூங்கோணுமே. வெளிச்சம் இருந்தா அவிய கண்ணே மூடமாட்டாங்க.

அம்மா, 9:33
அதே தான் எனக்கும் ரோசனை. பத்து மணிக்கு மேல லைட்ட அணைக்கோணும்னு ரயில்வேல சட்டம் இருக்குது. ஆனா நடுராத்திரி ஏறறவங்க போடாம இருப்பாங்களா? ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பிளாட்பார லைட்டு வேற.

நான், 9:40
நான் ஒரு ஸ்லீப் மாஸ்க் பின்னித் தர்றேனுங்க. குரோஷாவுல, கொக்கி ஊசி வெச்சு. போன வருஷம் கடையில வாங்குனது அவங்களுக்கு ஆகவே இல்லை. எலாஸ்டிக் இறுக்கி நெத்தியில கோடு விழுந்து போச்சு, ரப்பர் வாசம் வேற.

சித்தி பொள்ளாச்சி, 9:52
பின்னு கண்ணு. காட்டன் நூல்ல பின்னு. அக்ரிலிக் வேண்டாம், முகத்துல வேர்வை கோத்துக்கும். வாங்குனதும் நூலை ஒருக்கா தண்ணில நனைச்சு, வெள்ளத் துணில அழுத்திப் பாரு. சாயம் எறங்குச்சுன்னா அதைத் தொடாத, அம்மா நெத்தியெல்லாம் நீலமாயிரும்.

பார்மசி தம்பி, 10:05
இமையை மூடுனாலும் கொஞ்சம் வெளிச்சம் உள்ள போகத்தான் செய்யும். ராத்திரில சுரக்கற தூக்க ஹார்மோன் மெலடோனினை வெளிச்சம் கொறைச்சுரும். அதனால மாஸ்க் போடறது நெசமாவே ஒதவும் அக்கா.

செவ்வாய்க்கிழமை

நான், இரவு 8:47
சித்தி, மாதிரி ஒண்ணு பின்னிப் பாத்தேனுங்க. யூடியூப்ல ஒரு அம்மா டபுள் குரோஷா போடச் சொன்னாங்க. ஜன்னல்கிட்ட தூக்கிப் பிடிச்சா வலை மாதிரி இருக்குது. பொடக்காளில நிக்கற வேப்பமரமே தெரியுது.
[படம்]

சித்தி பொள்ளாச்சி, 8:58
அந்தம்மா எந்த ஊருன்னு பாத்தியா? அமெரிக்காவுல சிங்கிள்னு சொல்றதைத்தான் இங்கிலாந்துல டபுள்னு சொல்லுவாங்க. பேரு ஒண்ணு, தையல் வேற. உனக்கு வேண்டியது குட்டையா, நெருக்கமா வர்ற தையல். ஊசியை உள்ள விட்டு நூலை இழுத்தா ஊசியில ரெண்டு கண்ணி இருக்குமல்ல, மறுபடி நூலைச் சுத்தி ரெண்டையும் ஒரே இழுப்புல கழட்டு. அவ்வளவு தான். ஊசியும் 4 வேண்டாம், 3.5 மி.மீ. எடுத்துக்க.

சித்தி பொள்ளாச்சி, 9:03
முதல்ல சின்னச் சதுரம் ஒண்ணு பின்னி ஸ்கேல் வெச்சு அளந்துக்க. 10 செ.மீ.க்கு எத்தனை தையல் வருதுன்னு எண்ணு. ஒவ்வொருத்தர் கை இறுக்கம் ஒவ்வொரு மாதிரி, என்ற கணக்கு உனக்கு ஆகாது.

நான், 9:41
எனக்கு 18 வந்துச்சுங்க சித்தி. வரிசை 20.

சித்தி பொள்ளாச்சி, 9:55
அப்ப 20 செ.மீ. அகலத்துக்கு 36 தையல். 37 சங்கிலி போட்டு, ஊசியில இருந்து ரெண்டாவது சங்கிலில ஆரம்பி. நெத்திப் பக்கம் இருந்து கீழ வா. 12 வரிசை நேரா பின்னு. அதுக்கப்புறம் மூக்குக்கு எடம் விடோணும். இந்தப் பக்கம் 15, அந்தப் பக்கம் 15, நடுவுல 6 தையலை அப்படியே விட்டுரு. ஒவ்வொரு பக்கமும் தனித்தனியா 6 வரிசை. முதல் வரிசை அப்படியே, மிச்ச அஞ்சுலயும் ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணொண்ணு கொறைச்சுட்டே வா. கடைசில 5 தையல் நிக்கும். மொத்தம் 18 வரிசை, 9 செ.மீ. ஒசரம். இதே மாதிரி ரெண்டு.

டெல்லி அக்கா, 10:02
சித்தி, நம்ம தோட்டத்து ஊட்டு டிவி மேல கெடந்த விரிப்பு நீங்க பின்னுனது தானே? நட்சத்திரம் நட்சத்திரமா இருக்குமே.

சித்தி பொள்ளாச்சி, 10:04
ஆமா கண்ணு. கல்யாணத்துக்கு முந்தி பின்னுனது. இன்னும் பெட்டில இருக்குது, ஒரு கண்ணி கூட விடல.

பெரியம்மா காங்கயம், 10:10
உள்ள வெக்கறதுக்கு இலவம்பஞ்சு நான் தர்றேன். நம்ம மரத்துது, வெடிச்சதும் கொட்டை நீக்கி வெச்சது. சூடே ஏறாது.

சனிக்கிழமை

நான், மாலை 5:16
முடிச்சுட்டேனுங்க. இலவம்பஞ்ச நல்லா அடைச்சுத் தெச்சேன். பாக்கறதுக்கு அழகா குட்டித் தலகாணி மாதிரி இருந்துச்சு. அம்மிச்சி போட்டுட்டுப் படுத்தாங்க, அஞ்சே நிமிசத்துல கழட்டி வெச்சுட்டாங்க. கண்ணு மேல பாரமா அழுத்துதாம். மூக்குப் பக்கம் சந்து வழியா வெளிச்சமும் வருதாம். மனசுக்குச் சங்கடமாப் போச்சு.

அம்மா, 5:20
தை மாசம் தான் பொறை ஆப்பரேசன் பண்ணுன கண்ணு. டாக்டர் இப்ப மாஸ்க் போடலாம்னு சொல்லிட்டாரு, ஆனாலும் கண்ணை அழுத்தற மாதிரி எதையும் கட்டாதீங்கன்னு தான் சொன்னாரு.

பெரியம்மா காங்கயம், 5:28
அடடா. நான் தானே அடைக்கச் சொன்னேன். அம்மாவுக்கு வலி கிலி இல்லையே?

அம்மா, 5:29
இல்லைக்கா. நல்லா இருக்காங்க. வெத்தலை போட்டுட்டு உக்காந்திருக்காங்க.

அம்மா, 5:44
[வாய்ஸ் மெசேஜ் 1:08]
அம்மா பேசறாங்க, எல்லாரும் கேளுங்க.

நான், 5:50
அக்கா ஆபீஸ்ல கேக்க முடியாது, அதனால எழுதிப் போடறேன். அம்மிச்சி சொன்னது:
"ஏங்கண்ணு, தண்ணிக்கொடம் தூக்கறப்ப சும்மாடு எதுக்குக் கூட்டறோம்? கொடம் உச்சந்தலையில உக்காரக்கூடாதுன்னு தானே. துணியை வட்டமாச் சுத்துனா பாரம் வட்டத்துல நிக்கும், நடுவுல ஒண்ணும் படாது. அந்த மாதிரி ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு குட்டிச் சும்மாடு கூட்டி வெய்யி சாமி. பஞ்சை எடுத்துரு."

சித்தி பொள்ளாச்சி, 5:53
இத்தனை வருசம் பின்னறேன், எனக்குத் தோணலையே இது. அம்மா சொல்றது தான் செரி. மெத்துமெத்துன்னு இருக்க வேண்டியது கண்ணு மேல இல்லை, கண்ணைச் சுத்தித் தான். எலும்பு மேல உக்காந்துச்சுன்னா உள்ள கண்ணு சிமிட்டுனாக் கூட இமை முடி துணில படாது.

மாமா திருப்பூர், 6:10
இப்பத்தான் பாத்தேன். சும்மாட்டுக்கு சிங்கிள் ஜெர்ஸி பனியன் துணி எடுத்துக்க அம்மிணி. 2 செ.மீ. பட்டையா குறுக்க வெட்டி, ரெண்டு கையாலயும் சட்டுனு இழு. ஓரம் தன்னால சுருண்டு கயிறாயிரும். அந்தக் கயிறு மேலயே சிங்கிள் குரோஷா போட்டு மூடிட்டா வளையம் ரெடி. துவைச்சாலும் கட்டி கட்டாது. இலவம்பஞ்சு நனைஞ்சா உருண்டையாயிரும், அக்காகிட்ட கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு.

பெரியம்மா காங்கயம், 6:12
கோவமெல்லாம் இல்லை தம்பி. அம்மா தூங்குனாப் போதும்.

மாமா திருப்பூர், 6:15
வெளிச்சம் மறைக்கறதுக்கு நடுவுல கருப்பு இன்டர்லாக் பனியன் துணி ஒரு அடுக்கு வெய்யி. எங்க யூனிட்ல கட்டிங் வேஸ்ட் கெடக்குது, 220 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 220 கிராம். நீ சொல்ற அளவுக்கு ஒரு அடுக்கு 4 கிராம் தான் வரும், பாரமே தெரியாது. நல்ல துண்டாப் பாத்து எடுத்து வெக்கறேன்.

நான், 6:20
மூக்குச் சந்துக்கு என்ன பண்றதுங்க மாமா?

மாமா திருப்பூர், 6:24
அதே கருப்புத் துணி ரெண்டு மடிப்பு, வெத்தலை நுனி மாதிரி வெட்டி, மூக்கு வெட்டுக்கு உள்பக்கம் மேல் ஓரத்தை மட்டும் தெய்யி. கீழ சும்மா தொங்கட்டும். படுத்தா மூக்கு மேல தானா படிஞ்சுக்கும்.

புதன்கிழமை

நான், இரவு 9:05
இது ரெண்டாவது. பாருங்க.
[படம்]
[படம்]
வளையம் உள் அகலம் 5 செ.மீ. வெச்சிருக்கேனுங்க. ரெண்டு வளையத்துக்கும் நடுவுல மூக்கு எலும்புக்கு எடம் இருக்குது.

சித்தி பொள்ளாச்சி, 9:11
நெம்ப ஒணத்தியா வந்திருக்குது கண்ணு. ஓரத்துத் தையல் ஒரே சீரா இருக்குது. எலாஸ்டிக் எங்க?

நான், 9:18
எலாஸ்டிக் வேண்டாம்னு விட்டுட்டேனுங்க சித்தி. வெள்ளை முடியில சிக்கி இழுக்குது. அம்மிச்சி படுக்கறப்பவும் கொண்டை அவுக்கமாட்டாங்க. எலாஸ்டிக் கொண்டை மேல ஏறிப் போகுது, இல்லாட்டி காதுத் தோட்டுல மாட்டுது. அதனால 2.5 செ.மீ. அகலத்துக்குப் பட்டையாவே பின்னிட்டேன். காதுக்கு மேலயே போயி, கொண்டைக்குக் கீழ எறங்குற மாதிரி.

சித்தி பொள்ளாச்சி, 9:20
பித்தானைப் பின்னாடி வெச்சிராத. மல்லாந்து படுத்தா பெடரில குத்தும்.

நான், 9:23
அதையும் பாத்தேனுங்க. அம்மிச்சி எப்பவும் வலது பக்கம் தான் ஒருக்களிச்சுப் படுப்பாங்க. மூணு மத்தியானம் பக்கத்துல உக்காந்து பாத்துட்டேன், ஒரு நாளும் மாறல. அதனால பித்தான் இடது நெத்திப்பொட்டுக்கிட்ட. பித்தான் மாட்டற காது மூணு போட்டிருக்கேன், தளர்த்திக்கலாம், இறுக்கிக்கலாம்.

அம்மா, 9:26
அப்புச்சி சட்டைப் பித்தான் அது. தேக்குப் பெட்டில இருந்து அம்மாவே எடுத்துக் குடுத்தாங்க.

பெரியம்மா காங்கயம், 9:27
அப்பா சட்டையா? வெள்ளைக் கதர்ச் சட்டையா?

அம்மா, 9:27
ஆமாக்கா.

பெரியம்மா காங்கயம், 9:34
செரி. பத்திரமாத் தெய்யி சாமி. ரெட்டை நூல் போட்டுத் தெய்யி.

நான், 9:36
நாலு தடவை சுத்தியிருக்கேனுங்க பெரியம்மா. போகாது.

வியாழக்கிழமை

அம்மா, காலை 6:02
ராத்திரி போட்டுட்டுத் தூங்குனாங்க. மூணு மணிக்கு எந்திரிச்சுப் பாத்தேன், லைட்டப் போட்டுக் கூடப் பாத்தேன். அசையல.

செவ்வாய்க்கிழமை

டெல்லி அக்கா, காலை 5:50
எங்க வர்றீங்க சின்னம்மா? மாமனாரு காரோட ஸ்டேஷனுக்குக் கெளம்பிட்டாரு.

அம்மா, 6:04
ஆக்ரா தாண்டியாச்சு கண்ணு. அம்மா எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டாங்க. ரெண்டு ராத்திரியும் நல்ல தூக்கம். நேத்து ராத்திரி ஒரு கூட்டம் ஏறி லைட்டு போட்டு, பெட்டிய இழுத்து, அரை மணி நேரம் ஒரே சத்தம். நான் தான் முழிச்சுட்டு உக்காந்திருந்தேன். அவிய திரும்பிக் கூடப் படுக்கல.

சித்தி பொள்ளாச்சி, 6:07
அப்பாடா.

அம்மா, 6:11
எதிர் பெர்த்துல தருமாவரத்துல ஏறுன தெலுங்கு அம்மா ஒருத்தங்க. அம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனா நேத்துப் பூரா இந்த மாஸ்க்கத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ரெண்டு பேரும் கையாலயே பேசிட்டு இருந்தாங்க. வளையத்தைத் தொட்டுக் காட்டி, தலை மேல கொடம் தூக்கற மாதிரி அம்மா செஞ்சு காட்டுனாங்க. அந்தம்மாவுக்கு உடனே புரிஞ்சிருச்சு, ஒரே சிரிப்பு.

அம்மா, 6:13
இப்ப அம்மா உன்ற கிட்டச் சொல்லச் சொல்றாங்க. அந்தம்மா தலையைச் சுத்தி நூல் வெச்சு அளந்து, முடிச்சுப் போட்டு முந்தானைல முடிஞ்சு வெச்சிருக்காங்க. அவங்களுக்கும் ஒண்ணு பின்னோணுமாம். அட்ரஸ் வாங்கியாச்சு.
[படம்]

நான், 6:15
பின்னித் தர்றேன்னு சொல்லுங்கம்மா. அவங்க எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கறாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.

நான், 6:16
மாமா, கருப்பு இன்டர்லாக் இன்னும் இருக்குதுங்களா?

மாமா திருப்பூர், 6:31
ஒரு பையே எடுத்து வெச்சிருக்கேன். பொழுதோட வா.