லோடு ஏற்றி மலை ஏறினால் பிக்கப் நின்றுவிடுகிறது, டீசல் பிரஷர் கம்மியாம். அவசர உதவி

காரட்லோடு | செவ்வாய், இரவு 9:40
வணக்கம். என் பிக்கப் மலை ஏறும்போது இழுவை இல்லாமல் போய் நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் விட்டுச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. ஃபில்டர் மாற்றியாச்சு. மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, டீசல் பிரஷர் கம்மி, பம்ப் போச்சு, 45,000 ஆகும் என்கிறார். வியாழன் காலைக்கு லோடு ஒத்துக்கொண்டிருக்கிறேன். பம்ப் மாற்றவா வேண்டாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

டயர்_தேய்ந்தவன் | 9:52
என்ன வண்டி? எந்த வருஷம்? பி.எஸ். (புகை விதி) எத்தனை? ஸ்கேனரில் பிழைக் கோடு என்ன வந்தது? லோடு எவ்வளவு? மலை என்றால் ஊட்டியா, ஏற்காடா, எங்கள் தெரு ஸ்பீடு பிரேக்கரா?

பழைய_ஸ்பேனர் | 10:05
தம்பி, இது டீசல் லைனுக்குள் ஏர் எடுக்கிற கேஸ். சந்தேகமே வேண்டாம். ஃபில்டர் மாற்றியவன் ஓ-ரிங்கில் டீசல் தடவாமல் போட்டிருப்பான், இல்லையென்றால் பழைய கிளிப்பையே திரும்ப மாட்டியிருப்பான். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் நான் சொன்னதுதான்.

ரெயில்_1600 | 10:31
"ஸ்கேனர் போட்டார்" என்பது தகவல் இல்லை நண்பரே. கோடு படிப்பது ஒரு வேலை, லைவ் டேட்டா படிப்பது வேறு வேலை. இ.சி.யூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கேட்கிற பிரஷர் எவ்வளவு, ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாயில்) நிஜமாக இருப்பது எவ்வளவு, இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்க்காமல் பம்ப் மாற்றச் சொல்கிறவரிடம் வண்டியை விடுவது உங்கள் விருப்பம். இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

மலைக்காற்று | 10:44
ரெயில் சென்சாரை மாற்றிப் பாருங்கள் ப்ரோ. எனக்கும் இதேதான். சென்சார் மாற்றினேன், முடிந்தது.

ரெயில்_1600 | 10:50
சென்சார் பொய் சொன்னால் வண்டி எதற்கு உண்மையாக நிற்கப்போகிறது?

அரைக்கிளட்ச் | 11:02
நிற்கும் சார். சென்சார் குறைத்துக் காட்டினால் இ.சி.யூ அதை நம்பி பவரைக் குறைக்கும், சில வண்டிகளில் இன்ஜினையே அணைத்துவிடும். ஆனால் அதைச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாமல் சாவி மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் பாருங்கள். ரெயில் பிரஷர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். அங்கேயே 60, 80 பார் என்று காட்டினால் சென்சாரையும் வயரிங்கையும் பார்க்கலாம்.

காரட்லோடு அண்ணா, எனக்கு உறுத்துவது அந்தப் பத்து நிமிஷம்தான். தேய்ந்த ஹை பிரஷர் பம்ப் பெரும்பாலும் சூட்டில்தான் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். டீசல் சூடாகி நீர்த்துப்போய் உள்ளேயே கசியும். உங்கள் வண்டியோ சூடு ஆறுவதற்கு முன்பே ஒரே சுற்றில் பிடிக்கிறது. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் எங்கோ அடைப்பு, நின்றதும் அது விலகுகிறது என்று நினைக்கிறேன். நின்றபோது டேங்க் மூடியைத் திறந்து பார்த்தீர்களா? புஸ்ஸென்று காற்று உள்ளே போனதா?

காரட்லோடு | புதன், காலை 6:15
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். 2018 மாடல், பி.எஸ்.4, நாலு சிலிண்டர் காமன் ரெயில் டீசல், 1,62,000 கி.மீ. கம்பெனி பெயர் வேண்டாம், வம்பு. கோடு பி0087. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு சிமெண்ட் ஏற்றிப் போவேன், வரும்போது காரட். கல்லாறு தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் இழுவை குறைகிறது, பர்லியாருக்குள் நின்றுவிடுகிறது. காலி வண்டியில் ஒன்றும் இல்லை. சமரோட்டில் 80-ல் போகும். காரட் ஏற்றி இறங்கும்போதும் பிரச்சினை இல்லை. மூடி திறந்து பார்க்கவில்லை.

டயர்_தேய்ந்தவன் | 7:02
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

பழைய_ஸ்பேனர் | 7:20
பி0087 என்றால் ரெயில் பிரஷர் குறைவு, அவ்வளவுதான். அது பம்பைக் குற்றம் சொல்லவில்லை. தம்பி, இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்த இன்ஜெக்டர்தான் பிரஷரைக் குடிக்கிறது.

ரெயில்_1600 | 7:24
யாரும் இதைச் செய்யாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், செய்யாதீர்கள். இது அம்பாசடர் காலத்து வித்தை. அந்த இன்ஜெக்டர் 120, 150 பாரில் திறந்துவிடும், இன்ஜெக்‌ஷன் நடக்கிற நொடியில் மட்டும்தான் அந்தப் பிரஷரும். காமன் ரெயிலில் ஐடிலிலேயே 250 முதல் 350 பார் இடைவிடாமல் நிற்கிறது, லோடில் 1,400, 1,600 வரை போகும். தளர்த்திய நட்டிலிருந்து வருவது ஊசி மாதிரி பாய்ந்து தோலுக்குள் போகும். முதலில் வலிகூடத் தெரியாது. பிறகு ஆஸ்பத்திரியில் கையைக் கீறித்தான் டீசலை எடுப்பார்கள்.

பழைய_ஸ்பேனர் | 7:40
கோபப்படாதீர்கள் சார். கிராங்க் பண்ணும்போது என்று சொல்லவந்தேன்.

ரெயில்_1600 | 7:41
கிராங்க் பண்ணும்போதும் கூடாது.

அரைக்கிளட்ச் | 8:10
அண்ணன் தேடுவது இன்ஜெக்டர் ரிட்டர்ன் (இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசல்) என்றால் அதற்கு நட்டைத் தொடவே வேண்டாம். நாலு இன்ஜெக்டர் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி நாலு மருந்து பாட்டிலில் விட்டு, இன்ஜினை இரண்டு நிமிஷம் ஓடவிடுங்கள். நாலிலும் கிட்டத்தட்ட ஒரே மட்டம் வந்தால் சரி. ஒன்று மட்டும் பல மடங்கு ஏறியிருந்தால் அதுதான் குடிகாரன்.

ஆனால் அதற்கு முன்பே பார்க்கவேண்டியது உறிஞ்சும் பக்கம். இந்த மாதிரி பிக்கப்களில் பலவற்றில் டேங்குக்குள் மோட்டார் கிடையாது. ஹை பிரஷர் பம்போடு ஒட்டியிருக்கும் சின்ன கியர் பம்ப்தான் டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை உறிஞ்சுகிறது. ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதுபோல. அதனால் அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். அடைப்பு இருந்தால் ஸ்ட்ரா சப்பிப்போகும். சமரோட்டில் காலி வண்டிக்குத் தேவையான டீசல் அடைப்பைத் தாண்டியும் வந்துவிடும், ஏற்றத்தில் லோடோடு மிதிக்கும்போது பற்றாது.

ஃபில்டருக்கு முன்னால் கையால் அமுக்குகிற ரப்பர் பல்ப் இருக்கிறதா? அடுத்த முறை நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், ஓரம் கட்டி, இன்ஜின் ஓடும்போதே பானெட்டைத் திறந்து அதைப் பாருங்கள். சப்பையாக ஒட்டிக்கிடந்தால் பிரச்சினை அதற்கு முன்னால், அதாவது டேங்க் பக்கம். கல்லு மாதிரியோ வழக்கம்போலவோ இருந்தால் ஃபில்டர், பம்ப் பக்கம்.

மலைக்காற்று | 9:15
எல்லாம் சரி, உண்மையான காரணத்தை யாரும் பேசவில்லை. பி.எஸ்.6 டீசலில் சல்ஃபரே இல்லை. பி.எஸ்.4 பம்புக்கு அது வறட்சி. நான் முழு டேங்குக்கு 200 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) ஊற்றுகிறேன், மூன்று வருஷமாக வண்டி வெண்ணெய்.

ரெயில்_1600 | 9:33
ஆரம்பித்தாயிற்றா. சல்ஃபர் மசகு கிடையாது. சல்ஃபரை எடுக்கும்போது கூடவே மசகுத்தன்மையும் போகிறது, அதை ரிஃபைனரியிலேயே அடிட்டிவ் சேர்த்து ஈடுகட்டுகிறார்கள். பி.எஸ்.4 டீசலில் சல்ஃபர் 50 பி.பி.எம், பி.எஸ்.6-ல் 10. ஆனால் மசகுச் சோதனையில் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது இந்திய டீசலுக்கான விதியிலேயே இருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க இந்த டீசல்தான் ஓடுகிறது. எல்லா பி.எஸ்.4 பம்பும் செத்துவிட்டதா?

மலைக்காற்று | 9:40
விதியில் இருப்பதெல்லாம் பங்கில் இருக்கிறதா?

பழைய_ஸ்பேனர் | 9:58
மண்ணெண்ணெய் கலந்த காலத்தையே பார்த்தவன் நான். அப்போது 2டி ஊற்றியதில் அர்த்தம் இருந்தது. இப்போது ஊற்றினால் மனசுக்குத்தான் நல்லது.

மலைக்காற்று | 10:03
என் மனசும் நன்றாக இருக்கிறது, பம்பும் நன்றாக இருக்கிறது. பி.எஸ்.6 வண்டியில் ஊற்ற வேண்டாம், டி.பி.எஃப் (புகைக்கரி வடிகட்டி) அடைக்கும் என்று நானே சொல்வேன். பி.எஸ்.4-ல் அது கிடையாதே.

டயர்_தேய்ந்தவன் | 11:30
2டிக்குத் தனி இழை போடுங்கள் சாமிகளா. காரட் எங்கே?

காரட்லோடு | புதன், இரவு 8:50
தெரிந்தவர் ஸ்கேனர் வாங்கி, பக்கத்து வீட்டுத் தம்பியை உட்காரவைத்துக் கல்லாறு வரை ஏறினேன். 12 மூட்டை மட்டும். சாவி ஆன் செய்தபோது 2 பார், அதனால் சென்சார் பரவாயில்லை. ஐடிலில் கேட்பது 280, இருப்பது 280. இரண்டாம் கியரில் நன்றாக மிதித்தபோது கேட்பது 1,250. இருப்பது 1,240, 1,100, 820 என்று இறங்கியது. உடனே ஓரம் கட்டினேன். ரப்பர் பல்ப் சப்பி, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தும் உப்பவில்லை. டேங்க் மூடியைத் திறந்தேன், புஸ் சத்தம் இல்லை, பல்பும் மாறவில்லை. இன்ஜினை அணைத்தேன். ஒரு நிமிஷம் கழித்து அதுவே மெல்ல உப்பி வந்தது. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

அரைக்கிளட்ச் | 9:04
பம்பைத் தொடாதீர்கள். மூடி திறந்தும் மாறவில்லை என்றால் பிரீதர் (டேங்குக்குள் காற்று விடும் துளை) அடைப்பும் இல்லை. டேங்குக்குள்ளோ, டேங்க் லைனிலோ ஏதோ ஒன்று உறிஞ்சும்போது ஒட்டிக்கொண்டு, விட்டதும் விலகுகிறது. உறுதி செய்ய ஒரு வழி: டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, அங்கே வேறு ஹோஸ் மாட்டி, கேனில் சுத்தமான டீசல் வைத்து அதிலிருந்து உறிஞ்சவிடுங்கள். ரிட்டர்ன் டேங்குக்குப் போவதால் கேன் சீக்கிரம் தீரும், கவனம். கேனைப் பின்னால் கட்டி வையுங்கள், கேபினுக்குள் வேண்டாம். அதே ஏற்றத்தில் 1,250 நின்றால் பம்ப் குற்றவாளி இல்லை.

பழைய_ஸ்பேனர் | 9:20
பல்புக்கு முன்னால் ஹோஸ் உள்பக்கம் பொரிந்து தோல் மடிந்தாலும் இப்படி ஆகும். ஏர் என்று சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். தம்பி, சமீபத்தில் டேங்கைத் திறந்தீர்களா? டீசல் தீர்ந்து வழியில் எங்காவது நின்றதுண்டா?

காரட்லோடு | 9:27
ஆமாம், அதைச் சொல்லவில்லையா? மூன்று வாரம் முன்னால் காரமடை பக்கம் டீசல் தீர்ந்தது. கேனில் வாங்கி வந்து, தண்ணீர் பாட்டிலை வெட்டிப் புனலாக்கி ஊற்றினேன். தூசி போகக் கூடாது என்று பாட்டில் வாயில் துணி வைத்து வடிகட்டித்தான் ஊற்றினேன்.

டயர்_தேய்ந்தவன் | 9:28
அந்தத் துணி இப்போது எங்கே?

ரெயில்_1600 | 9:41
இதைத்தான் நேற்றே, முழு விவரமும் எழுதுங்கள் என்றேன்.

டயர்_தேய்ந்தவன் | 9:43
நீங்கள் சொன்னது தேடிப் படியுங்கள் என்று.

மலைக்காற்று | வியாழன், மதியம் 1:10
என்ன ஆச்சு ப்ரோ? லோடு போனீர்களா?

டயர்_தேய்ந்தவன் | வெள்ளி, காலை 10:00
போய்விட்டார். வேலை முடிந்தால் இப்படித்தான்.

காரட்லோடு | சனி, இரவு 7:35
கேன் சோதனையில் 1,250 அப்படியே நின்றது. இன்று டேங்கை இறக்கினோம். பழைய காசித்துண்டின் மூலை, உள்ளங்கை அளவு. கறுத்து, வழவழவென்று, உறிஞ்சுகிற குழாயின் ஜல்லடை மேல் போர்த்திய மாதிரி கிடந்தது. ஜல்லடையின் கண் துணியில் அச்சாகப் பதிந்திருக்கிறது. டேங்க் இறக்கி ஏற்றக் கூலி 1,500, ஃபில்டர் திரும்ப ஒன்று. சாயந்திரம் 1.2 டன்னோடு குன்னூர் வரை நிற்காமல் ஏறியது. வியாழன் லோடு வேறு வண்டிக்குப் போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: டேங்கிலிருந்து எடுத்த 30 லிட்டர் டீசல் இருக்கிறது, வடிகட்டித் திரும்ப ஊற்றலாமா?

அரைக்கிளட்ச் | 7:38
ஒரு நாள் அசையாமல் தெளியவிட்டு மேல் டீசலை மட்டும் ஊற்றலாம். எதில் வடிகட்டப் போகிறீர்கள்?