சிகரெட்டை விட்டு 9 நாள், துணைக்கு ஆள் வேண்டும்

வணக்கம். மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறேன், வயது 41. டிசம்பர் கடைசியில் ரத்த அழுத்தம் 150/95 இருந்தது. அப்பாவுக்கு முதல் மாரடைப்பு 46 வயதில் வந்தது. அந்தக் கணக்கு மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ஜனவரி 1 முதல் சிகரெட்டைத் தொடவில்லை. காலையில் சமாளித்துவிடுகிறேன். சாயங்காலம் அந்தேரியில் வேலை முடிந்து, தாதரில் வண்டி மாறி சயானில் இறங்கியதும் கட்டிங் சாயா (அரை கிளாஸ் டீ) கைக்கு வந்தால், விரல் தானாகச் சட்டைப் பையைத் தேடுகிறது. அதனால் சாயாவையே நிறுத்திவிட்டு வறுத்த கடலை வாங்கிக்கொள்கிறேன். புகையிலையை விடுவதற்கான அரசின் இலவச எண் 1800-11-2356. அதில் பேசியது உண்மையிலேயே தெம்பாக இருந்தது, தேவைப்படுபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

எரிச்சல்தான் தாங்க முடியவில்லை. நேற்று பென்சில் சீவித் தரச் சொன்ன மகளிடம் கத்திவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். ராத்திரி மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் அந்த முகம் கண்ணிலேயே நிற்கிறது.

சிகரெட்டை விட்டு ஒரு வருடம் தாண்டியவர்கள் யாராவது இருந்தால், இந்த எரிச்சல் எத்தனை நாளில் அடங்கியது, வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தனியாகப் போனால் மூன்றாம் நாளே படுத்துவிடுவேன். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் காலை 5.30 மணிக்கு நடக்க யாராவது வருவீர்களா? திங்கட்கிழமை தொடங்கலாம்.