எண்ணெய் தீர்ந்தால் விமானம் இருக்குமா? பையன் படிப்பு விஷயமாக ஒரு கேள்வி

பெருங்குடிக்காரன்:
எங்கள் வீடு மதுரை ஏர்போர்ட்டுக்குப் பக்கம். மொட்டை மாடியில் நின்றால் விமானம் ஏறுவது இறங்குவது எல்லாம் தெரியும், அந்தச் சத்தத்தில் சீரியல் வசனம் பாதி கேட்காது. அதைப் பார்த்தே வளர்ந்த பையன் இப்போது பிளஸ் டூ. விமானப் பராமரிப்புப் படிப்பு, அதுதான் ஏ.எம்.இ., அதில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். லட்சக்கணக்கில் செலவு, நகையை வைத்துத்தான் கட்ட வேண்டும். இந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து, "இன்னும் அம்பது வருசத்துல எண்ணெயே தீரப் போகுது, பைக்கெல்லாம் கரண்டுக்குப் போயிருச்சு, ஏரோப்ளேனே ஓடாதப்ப ரிப்பேர் பார்க்க ஆளு எதுக்கு மாமா"ன்னு ஒரு போடு போட்டுவிட்டுப் போய்விட்டான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிண்டல் வேண்டாம், அதுக்கு மச்சினன் ஒருத்தன் போதும்.

திருமங்கலம் ஃபிட்டர்:
தம்பி, நான் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். "தீரப் போகுது" என்பது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிற பாட்டு. அமெரிக்காவில் ஹப்பர்ட் என்ற புவியியலாளர் 1956லேயே, அந்த நாட்டு எண்ணெய் 1970 வாக்கில் உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்றார், சொன்னபடி இறங்கியது. அப்புறம் பாறையை உடைத்து எடுக்கும் முறை வந்து பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது. நம்ம ஊர் போர்வெல் கதைதான். 200 அடியில் வந்த தண்ணீர் 800 அடிக்குப் போகும், தண்ணீர் வரும், ஆனால் செலவு ஏறிக்கொண்டே போகும். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அப்பவும் விமானம் நிற்கவில்லை, டிக்கெட்தான் ஏறியது.

பேட்டரியில் ஓடாதா என்று கேட்பீர்கள். விமான எரிபொருள், ரேஷனில் வாங்கினோமே மண்ணெண்ணெய், அதன் பங்காளி. மைனஸ் 47 டிகிரி வரை உறையாதபடி சுத்தம் செய்தது, அவ்வளவுதான். அதில் ஒரு கிலோவில் கிட்டத்தட்ட 12 யூனிட் சக்தி இருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் கால் யூனிட். 180 பேர் போகிற விமானம் மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரிக்கும். கரண்ட் மோட்டார், எண்ணெய் எஞ்சினைவிடச் சிக்கனம் என்று கழித்துப் பார்த்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு 50 டன் பேட்டரி வேண்டும், விமானம் ஆளோடு பேரோடு கிளம்பும்போது மொத்த எடையே 78 டன்தான். அதுவும் எரிபொருள் எரிய எரிய எடை குறையும், பேட்டரி இறங்கும் வரை அதே கனம். ஹைட்ரஜன் விமானத்தை 2035க்குள் விடுவோம் என்று ஏர்பஸ் சொன்னது, 2025ல் தள்ளிப் போட்டுவிட்டது. அதனால் கார், பைக் எல்லாம் எண்ணெயை விட்ட பிறகு கடைசியாக விடப் போவது விமானம்தான்.

உசிலம்பட்டி வேலி:
மாற்று எண்ணெய் என்று யாராவது ஆரம்பிக்கும் முன் நான் சொல்லிவிடுகிறேன். 2018ல் டேராடூனிலிருந்து டெல்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெய் கலந்து ஒரு விமானம் ஓட்டினார்கள். பேப்பரில் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே ஒரு கம்பெனி பேச்சை நம்பி இரண்டு ஏக்கரில் அதை நட்டவன் நான். தண்ணீரே வேண்டாம் என்றார்கள். தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி சாகாது, நிஜம்தான். காய்க்கவும் காய்க்காது. கொட்டையை வாங்கிக்கொள்கிறோம் என்றவர்கள் போனை எடுக்கவில்லை. இப்போது வரப்போரத்தில் வேலியாக நிற்கிறது, ஆடுகூட வாய் வைக்காது.

கோரிப்பாளையம் பரோட்டா:
அண்ணே, மாற்று எண்ணெய்க்காரங்க இப்போ காட்டாமணக்கை விட்டுட்டு எங்க சட்டிக்கு வந்துட்டாங்க. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொன்ன பிறகு, மிச்சத்தைத் தகர டின்னில் ஊற்றி வைக்கிறோம், வண்டி வந்து எடுத்துப் போகிறது. பெரும்பாலும் பயோ டீசலுக்குத்தான், ஆனால் விமான எரிபொருளும் இதிலிருந்து எடுக்கலாமாம். ஃபிட்டர் அண்ணன் கணக்கைப் பார்த்து நானும் ஒரு கணக்குப் போட்டேன். எங்க கடையில் வாரம் ஒரு டின், 15 லிட்டர். இரண்டரை டன் என்றால் 3000 லிட்டருக்கு மேல். துளி வீணாகாவிட்டாலும் சென்னைக்கு ஒரே ஒரு தடவை போக 200 கடையின் ஒரு வாரச் சட்டி! ஊரே ராத்திரி பகலா வறுத்தாலும் பத்தாது.

திருமங்கலம் ஃபிட்டர்:
பத்தாது என்பதால்தான் விலையும் பல மடங்கு. ஐரோப்பாவில் விமான எரிபொருளில் இந்த மாதிரி மாற்று எரிபொருளை 2025ல் 2 சதவீதம் கலக்க வேண்டும் என்று சட்டம், 2050ல் 70 சதவீதம். நம் நாட்டில் வெளிநாடு போகிற விமானங்களுக்கு 2027ல் 1 சதவீதம் என்று இலக்கு. ஏற்கெனவே இங்கே விமானக் கம்பெனிச் செலவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எரிபொருளுக்கே போகிறது. இந்தச் செலவையும் டிக்கெட்டில்தான் ஏற்றுவார்கள்.

மல்லி ஏற்றுமதி:
அங்கேதான் எனக்கு உதைக்கிறது. விடியுமுன் பறித்த மொட்டை ஐஸ் வைத்துத் தெர்மோகோல் பெட்டியில் அடைத்து அன்றைக்கே ஏற்றினால்தான் துபாயில் விரியும். ஒரு விமானம் தப்பினால் அந்தப் பெட்டி குப்பைக்கு. சரக்குக் கட்டணம் கிலோவுக்கு ஏறினால் பூவைக் கப்பலிலா அனுப்ப முடியும்? வளைகுடாவில் வேலை பார்க்கிற நம்ம ஆட்களும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை என்று ஆகிவிடுவார்கள். சென்னை போகிறவனுக்கு என்ன, வந்தே பாரத்தில் சுமார் ஆறு மணி நேரத்தில் போய்விடுவான்.

பெருங்குடிக்காரன்:
அப்படியானால் நம்ம ஊர் மாதிரி சின்ன ஏர்போர்ட்டில் விமானம் குறையும், பெரிய ஊர்களில் ஓடும், சரியா? பையன் வெளியூர் போகத் தயார்தான், அவன் அம்மாதான் தயாரில்லை. மச்சினனுக்கு இதை அனுப்பினேன், பரோட்டா எண்ணெயில் ஓடுகிற ப்ளேனில் ஏற மாட்டேன் என்கிறான்.

திருமங்கலம் ஃபிட்டர்:
எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எந்த எண்ணெய் ஊற்றினாலும் எஞ்சினைக் கழற்றிப் பார்க்க ஆள் வேண்டும், அதில் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது கல்லூரியைப் பற்றி. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு டிஜிசிஏ, அதன் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கும், பணம் கட்டும் முன் அதில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழை ஃபிரேம் போட்டு ஆபீஸில் மாட்டியிருப்பதைப் பார்த்து நகையை வைத்துவிடாதீர்கள்.