பெரிய மாமா சிம்பலைக் கூட்டுகிறார்

குழு: நம் வீட்டார்
சனிக்கிழமை

[காலை 9:04] பெரிய மாமா: 🎵 புதுப்பாட்டு_இறுதி_உண்மையான இறுதி

[9:04] பெரிய மாமா: எல்லோரும் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேளுங்கள். எங்கள் பேண்டின் புதிய ஒலி. இந்தக் கிழவர்கள் ஒரே மாதிரி வாசிக்கிறார்கள் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

[9:06] அம்மா: விடிந்ததும் விடியாததுமாகவா அண்ணா? சரி, கேட்கிறேன்.

[9:11] தம்பி: மாமா, டிரம் மெஷினா? சின்ன மாமா எங்கே போனார்?

[9:12] சின்ன மாமா: நானும் அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

[9:13] அத்தை: நேற்று நள்ளிரவு தாண்டியும் இதையே ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பாட்டு மனப்பாடம். பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்.

[9:20] அக்கா: மாமா, கேட்டேன். பாட்டு நன்றாக இருக்கிறது. மிக்ஸிங் யார் செய்தது?

[9:21] பெரிய மாமா: "நன்றாக இருக்கிறது" என்று ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் கத்தி வைத்திருப்பார்கள். நான்தான் செய்தேன். சொல்லம்மா.

[9:22] அக்கா: 1:12-இல் ஒரு சிந்தசைசர் நுழைகிறதே, எதற்கு?

[9:22] பெரிய மாமா: எதற்கு என்றால்? இப்போது எல்லாப் பாட்டிலும் அது இருக்கிறது.

[9:23] அக்கா: உங்கள் கிதார் வாசிக்கும் அதே சுரங்களைத்தான் அது பின்னால் நின்று ஒப்பிக்கிறது. எடுத்துவிட்டுக் கேளுங்கள், பாட்டில் ஒன்றும் குறையாது.

[9:24] தம்பி: மாமா சொல்லும் "இப்போது" பத்து ஆண்டுக்கு முந்தைய இப்போது.

[9:24] அம்மா: பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசு.

[9:25] தம்பி: மரியாதையாகத்தான் சொல்கிறேன் அம்மா. அந்த ஒலியை இப்போது யாரும் தொடுவதில்லை.

[9:31] பெரிய மாமா: சரி, வரலாற்றுக்கே வருவோம். 1987-இல் யூ2 பேண்ட் புகழின் உச்சியில் இருந்தார்கள். அதே பாணியில் இன்னும் மூன்று ஆல்பம் போட்டிருந்தாலும் விற்றிருக்கும். அவர்களோ பெர்லினில் ஹான்சா ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்துகொண்டு, இருந்த ஒலியை உடைத்துப்போட்டார்கள். 1991-இல் 'ஆக்டங் பேபி' வந்தது. துணிச்சல் என்றால் அது.

[9:36] நான்: அந்தப் பெர்லின் நாட்களில் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு பேண்டே கலைந்துபோகும் நிலை வந்தது. 'ஒன்' என்ற பாட்டு கைக்கு அகப்பட்ட பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. கதையின் மறுபாதியையும் சொல்லுங்கள் மாமா. அதே யூ2 1997-இல் 'பாப்' போட்டார்கள். லூப், சாம்பிள், நடன இசை எல்லாம் உண்டு. சுற்றுப்பயணத் தேதிகளை முன்னமே குறித்துவிட்டதால் ஆல்பத்தை அவசர அவசரமாக முடித்தார்கள். பின்னால் அதில் சில பாட்டுகளை மறுபடியும் மிக்ஸ் செய்து வெளியிட வேண்டியிருந்தது.

[9:37] சின்ன மாமா: நம் கச்சேரி எப்போது?

[9:37] பெரிய மாமா: அடுத்த மாதம்.

[9:37] சின்ன மாமா: அப்படியானால் நாம் 'பாப்'.

[9:38] தம்பி: 😂😂

[9:44] பெரிய மாமா: ஸீ ஸீ டாப்பை மறந்துவிட்டீர்களா? 1983-இல் 'எலிமினேட்டர்'. சிந்தசைசரும் உண்டு, டிரம் மெஷினும் உண்டு. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிக்கு மேல் போனது. தாடியும் மாறவில்லை, கிதாரும் மாறவில்லை.

[9:45] சின்ன மாமா: அந்த பேண்டின் டிரம்மரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

[9:52] சின்ன மாமா: நான் கோபமாக இல்லை. விஷயத்தைச் சொல்கிறேன். 0:40-இலிருந்து ஸ்னேரை, அந்தச் சடசடக்கும் சின்ன டிரம்மை, மட்டும் கேளுங்கள். நான் வாசித்ததற்கு மேல் அண்ணன் ஒரு சாம்பிளை, அதாவது முன்பே பதிவான ஒரு அடியை, ஒட்டியிருக்கிறார். எல்லா அடியும் அச்சில் வார்த்தது போல ஒரே கனம். இரண்டாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் இடையே இடது கையால் தோலைத் தொட்டும் தொடாமலும் சில தட்டுகள் விடுவேன். கோஸ்ட் நோட் என்போம். கேட்பவருக்கு அது தனியாகத் தெரியாது, ஆனால் அதில்தான் பாட்டு ஆடும். மென்பொருள் அதை இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிட்டது. இப்போது பாட்டு அணிவகுப்பில் போகிறது.

[9:55] அக்கா: சின்ன மாமா சொல்வது சரி. கேட் என்ற கருவியை இறுக்கமாக வைத்தால் மெல்லிய அடிகளைத்தான் முதலில் விழுங்கும். பெரிய மாமா, அதைத் தளர்த்தினாலே பாதி உயிர் திரும்பிவிடும்.

[9:58] பெரிய மாமா: அவன் வேகம் கூடுகிறது, குறைகிறது. தாளம் காட்டும் கிளிக் சத்தத்தோடு ஒட்டவில்லை. அதனால்தான் சாம்பிளுக்குப் போனேன்.

[9:59] சின்ன மாமா: கோரஸில் ஒரு இழை கூடும். கூட வேண்டும். இத்தனை காலம் அதற்குத்தான் ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

[10:03] நான்: 1978-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'மிஸ் யூ' போட்டபோது ஊரெல்லாம் டிஸ்கோ. அவர்களும் டிஸ்கோ தாளத்துக்குத்தான் போனார்கள். ஆனால் அதை வாசித்தது அவர்களுடைய டிரம்மர் சார்லி வாட்ஸ். தாளம் புதிது, கை பழையது. அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது அந்தப் பாட்டு.

[10:04] சின்ன மாமா: இந்தப் பிள்ளைக்கு என் சொத்தில் பங்கு உண்டு.

[10:04] அம்மா: என்ன சொத்து சின்ன அண்ணா, அந்த உடைந்த சிம்பல் தட்டா?

[10:10] தம்பி: எதிர் உதாரணம் நான் தருகிறேன். மெட்டாலிகா, 2003, 'செயின்ட் ஆங்கர்'. ஸ்னேருக்கு அடியில் இருக்கும் கம்பிகளை விலக்கிவிட்டே பதிவு செய்தார்கள். தகர டப்பா என்று ரசிகர்கள் இன்றுவரை திட்டுகிறார்கள். ஆல்பம் முழுக்க ஒரு கிதார் சோலோ கூடக் கிடையாது.

[10:11] பெரிய மாமா: நான் சோலோவை நீக்கவில்லையே.

[10:11] அக்கா: நீக்கவில்லை. எட்டு விநாடி ஆக்கிவிட்டீர்கள்.

[10:12] பெரிய மாமா: இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது.

[10:12] தம்பி: இன்றைய பிள்ளை இங்கேதான் இருக்கிறேன். சோலோ முடிந்துவிட்டதா, பாட்டு நின்றுவிட்டதா என்று போனைப் பார்த்தேன்.

[10:14] அத்தை: பழைய சோலோவைத் திரும்பப் போடுங்கள். வீட்டில் இத்தனை ஆண்டு சத்தத்தைப் பொறுத்துக்கொண்டது அதற்காகத்தான்.

[10:15] பெரிய மாமா: இதை நீ ஒருநாளும் சொன்னதில்லையே.

[10:15] அத்தை: கேட்கும் தூரத்தில் நீங்கள் இருந்ததில்லை.

[10:40] அக்கா: கோப்பைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அலைவடிவம் மேலும் கீழும் சீவிவிட்ட வேலி போல இருக்கிறது. பாட்டின் சராசரி சத்த அளவு -6 எல்யூஎஃப்எஸ்; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். ஏன் மாமா இவ்வளவு?

[10:42] பெரிய மாமா: மற்றவர்கள் பாட்டுக்கு நடுவில் எங்கள் பாட்டு சின்னதாகக் கேட்கக்கூடாது.

[10:46] அக்கா: ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய -14-க்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். நீங்கள் ஏற்றி அனுப்பும் 8 டெசிபலை அது இறக்கிவிடும். சத்தம் போய்விடும், மெல்லியதும் உரத்ததும் ஒரே அளவாகிப்போன நசுங்கல் மட்டும் மிஞ்சும். மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னெட்டிக்' இப்படித்தான் நசுங்கியது. அதே பாட்டுகள் 'கிதார் ஹீரோ' வீடியோ கேமில் இவ்வளவு நசுங்காமல் வந்தன. கேமிலிருந்து எடுத்துக் கேட்டுக்கொண்டார்கள் ரசிகர்கள்.

[10:47] பெரிய மாமா: கேமிலிருந்தா!

[10:52] அக்கா: அடுத்தது இன்னும் முக்கியம். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் கீச்சு ஒலிகள் எல்லாவற்றையும் வாரி உயர்த்தியிருக்கிறீர்கள். சிம்பலும் ஹை-ஹாட்டும் தாங்க முடியவில்லை.

[10:52] தம்பி: காதில் ஊசி குத்துகிறது மாமா. நான் சொல்லத் தயங்கினேன்.

[10:53] அம்மா: எனக்கு ஒன்றும் குத்தவில்லையே.

[10:53] பெரிய மாமா: எனக்கும்தான். சிம்பலே கேட்கவில்லை, அதனால்தான் கூட்டினேன். கூட்டியும் போதவில்லை.

[10:54] தம்பி: ...

[10:55] சின்ன மாமா: அண்ணா, மேடையில் முப்பது வருஷமாக என் கிராஷ் சிம்பலுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் யார்?

[10:57] அத்தை: வாஷிங் மெஷின் முடிந்ததும் கீக் கீக் என்று கூப்பிடும். இவருக்குக் கேட்காது. வேலைக்குப் பயந்து நடிக்கிறார் என்பது என் கட்சி.

[10:57] பெரிய மாமா: அது கூப்பிடுகிறதா?

[11:03] அக்கா: பயப்பட ஒன்றும் இல்லை மாமா. வயது ஏறும்போது எல்லோருக்கும் மேல் அலைவரிசைதான் முதலில் குறையும். அதோடு ஆம்ப்ளிஃபையருக்கும் சிம்பலுக்கும் பக்கத்திலேயே நின்றவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் கேட்கும் திறனில் தனியாக ஒரு பள்ளம் விழுவது வழக்கம். மிக்ஸிங் செய்கிறவர் காதில் குறைவதை எல்லாம் பாட்டில் கூட்டிவிடுவார். இந்தப் பாட்டில் அதுதான் நடந்திருக்கிறது. காதைச் சோதித்து ஒரு ஆடியோகிராம் எடுத்தால் எந்த இடத்தில் எத்தனை டெசிபல் குறைகிறது என்று வரைந்தே கொடுத்துவிடுவார்கள்.

[11:08] நான்: ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சனை 2016-இல் டாக்டர்கள் எச்சரித்தார்கள்: மேடையை நிறுத்தாவிட்டால் கேட்கும் திறன் முழுவதும் போய்விடும் என்று. சுற்றுப்பயணத்தின் நடுவில் விலகினார். மிச்சக் கச்சேரிகளை ஆக்ஸல் ரோஸ் பாடிக் கொடுத்தார். 2020-இல் 'பவர் அப்' ஆல்பத்தில் ஜான்சன் திரும்பி வந்துவிட்டார்.

[11:09] பெரிய மாமா: ஏசி/டிசி தங்கள் ஒலியை மாற்றியதே கிடையாது. தெரியுமா?

[11:09] சின்ன மாமா: ஆமாம். ஒலியை விட்டுவிட்டுக் காதைக் கவனித்தார்கள்.

[11:30] பெரிய மாமா: எல்லாம் போகட்டும். குரலையாவது விட்டுவைப்பீர்களா?

[11:34] அக்கா: குரலைத்தான் நீங்களே விட்டுவைக்கவில்லை. கோரஸின் உச்ச சுரத்துக்கு நீங்கள் கீழேயிருந்து இழுத்துக்கொண்டு வருவீர்கள். உங்கள் குரல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல அந்த இழுப்பு போதும். சுருதி திருத்தும் மென்பொருள் அதைப் படிக்கட்டு ஆக்கிவிட்டது. 2:05-இல் கேளுங்கள், யாரோ ஒரு பையன் பாடுகிறான்.

[11:35] பெரிய மாமா: திருத்தாவிட்டால் எட்டவில்லை அம்மா. உண்மையைச் சொல்கிறேன். முன்பு எட்டும்.

[11:36] அக்கா: சுருதியை இறக்குங்கள். இரண்டு அரைச்சுரம்.

[11:36] பெரிய மாமா: இறக்குவதா? தோற்றுப்போனவன் செய்யும் வேலை அது.

[11:41] நான்: பிளாக் சபாத் 1971-இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் மூன்று அரைச்சுரம் இறக்கினார்கள். அவர்களுடைய கிதார்காரர் டோனி அயோமிக்கு இளம் வயதில் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல்நுனி போய்விட்டது. அவர் இடது கைக்காரர், தந்தியை அழுத்தும் கை அதுதான். தந்தி தளர்ந்தால் வலி குறையும் என்று இறக்கினார். கனமான மெட்டல் ஒலி என்று இன்று பாதி உலகம் வாசிப்பது அந்தத் தளர்ந்த தந்தியைத்தான்.

[11:43] தம்பி: மாமா, இன்றைக்குப் புதிய பேண்டுகள் எல்லாமே இறக்கித்தான் வாசிக்கின்றன. உங்களுக்கு நவீன ஒலி வேண்டும் என்றால் அது அந்தப் பக்கம்.

[11:58] பெரிய மாமா: 🎤 குரல் செய்தி (0:38)

[11:59] அம்மா: என்ன அண்ணா இது, கிதார் மட்டும் கேட்கிறது.

[12:00] பெரிய மாமா: ஒரு முழுச் சுரம் இறக்கி அந்த ரிஃப்பை, பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிதார் வரியை, வாசித்துப் பார்த்தேன். தந்தி கொஞ்சம் உளறுகிறது, தடிமனான செட் போட வேண்டும். ஆனால் அடியில் ஒரு உறுமல் வருகிறது.

[12:01] சின்ன மாமா: வருகிறது. அண்ணா, இதற்கு நான் மெதுவாக வாசிப்பேன். ஸ்னேர் கொஞ்சம் பின்தங்கி விழ வேண்டும்.

[12:01] பெரிய மாமா: எவ்வளவு பின்தங்கி?

[12:02] சின்ன மாமா: அதை எண்ணில் சொல்ல முடிந்தால் உங்கள் மெஷினே வாசித்துவிடும்.

[12:06] நான்: ஸ்டோன்ஸ் 2023-இல் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' போட்டபோது பாடகர் மிக் ஜாகருக்கு 80. தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட்டுக்கு அதில் பாதி வயது கூட இல்லை. 2005-க்குப் பிறகு சொந்தப் பாட்டுகளோடு அவர்கள் போட்ட முதல் ஆல்பம் அது. வெளியிலிருந்து இளம் காது ஒன்று வேண்டியிருந்தது.

[12:07] பெரிய மாமா: இது யார் சொல்லிக் கொடுத்துப் பேசுவது?

[12:07] அக்கா: 🙋‍♀️

[12:08] பெரிய மாமா: சரி. நீயே மிக்ஸிங் செய். என்ன நிபந்தனை?

[12:10] அக்கா: கேட் கிடையாது. ஸ்னேர் சாம்பிள் கிடையாது. சோலோ முழு நீளம். சிந்தசைசர் இருக்க வேண்டுமானால் கிதார் வாசிக்காத எதையாவது அது வாசிக்க வேண்டும், அதைத் தம்பி எழுதட்டும். சிம்பல் பக்கம் நீங்கள் வரவே கூடாது.

[12:11] தம்பி: நானா? எழுதுகிறேன்!

[12:12] பெரிய மாமா: சிம்பலில் எனக்கு ஒரு டெசிபல் மட்டும்.

[12:12] அக்கா: மாமா.

[12:13] அத்தை: காது டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். இருவருக்கும் சேர்த்து.

[12:13] சின்ன மாமா: எனக்கு எதற்கு அண்ணி?

[12:14] அத்தை: நேற்று உங்களை வாசலில் நின்று நான்கு முறை கூப்பிட்டேன்.

[12:15] பெரிய மாமா: நாளை மாலை ஒத்திகை. ஸ்னேரைக் கொண்டு வா. மெஷினை நான் அலமாரியில் வைத்துவிட்டேன்.

[12:15] சின்ன மாமா: பூட்டுப் போட்டுத்தானே?

[12:16] பெரிய மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது