உறுதியான சிகிச்சைகள் நோயாளியை அடைய ஏன் இத்தனை ஆண்டுகள்?

கேள்வி (உயிர்மருத்துவ மாணவி):
ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதுதான் கடினம், அதன்பின் எல்லாம் தானாக நடந்துவிடும் என்றே இதுவரை நம்பியிருந்தேன். ஆனால், மனிதர்களிடம் சோதித்துப் பலன் உறுதியான, விலை மலிந்த சிகிச்சைகள்கூடப் பல ஆண்டுகள் வழக்கத்துக்கு வராமல் கிடந்திருக்கின்றன என்று அண்மையில் வகுப்பில் அறிந்து வருந்தினேன். தடை எங்கே இருக்கிறது? மருத்துவர்களின் தயக்கம் மட்டுமே காரணமா?

பதில் (பச்சிளங்குழந்தை மருத்துவர்):
உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் துறையிலேயே இதற்குச் சான்று உண்டு. நியூசிலாந்தில் மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவம் எவ்வாறு தொடங்குகிறது என்பதை அறியச் செம்மறியாடுகளை ஆராய்ந்தபோது, ஸ்டீராய்டு செலுத்தியபின் மிகவும் குறைமாதத்தில் பிறந்த ஒரு குட்டி எதிர்பாராத விதமாக மூச்சுவிட்டதைக் கவனித்தார். குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, குறைப்பிரசவ ஆபத்திலிருந்த தாய்மார்களுக்கு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி கொடுத்து நடத்திய ஆய்வை 1972இல் வெளியிட்டார். குழந்தைகளின் மூச்சுத்திணறலும் இறப்பும் குறைந்திருந்தன. ஆயினும், அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 1994இல் பரிந்துரைத்த பிறகே அது பரவலானது. இடையில் நடந்த சிறு ஆய்வுகள் பல, தனித்தனியே தெளிவான முடிவைத் தராததால், அவற்றைத் தொகுத்துக் கணக்கிடும் வரை ஐயம் நீடித்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஊசி போட முடிவெடுப்பவர் மகப்பேறு மருத்துவர், அதன் பலனைக் கண்ணால் காண்பவர்களோ நாங்கள்.

பதில் (பொதுச் சுகாதார ஆய்வாளர்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தாமதத்தை மட்டும் குறை சொன்னால் பாதி உண்மை விடுபட்டுவிடும். இதே வகை ஸ்டீராய்டு ஊசியை, கிராமப்புற நிலையங்கள் உட்பட ஆறு நாடுகளில் பரவலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானபோது, அதைப் பெற்ற தாய்மார்களில் பெரும்பாலோருக்கு மிகச் சிறிய குழந்தைகள் பிறக்கவில்லை என்பதும், பச்சிளங்குழந்தைகளின் ஒட்டுமொத்த இறப்பு சற்றே கூடியிருந்தது என்பதும் தெரியவந்தன. பின்னர் உலக சுகாதார நிறுவனம், கர்ப்பக் காலத்தை ஸ்கேன் மூலம் உறுதிசெய்து, குழந்தைப் பராமரிப்பு வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து நடத்திய ஆய்வில் இறப்பு குறைந்தது. அதன் முடிவு 2020இல் வெளிவந்தது. ஆகவே, மருந்து பயணிக்கும்போது அதைச் சூழ்ந்த ஸ்கேனும் பராமரிப்பும் உடன் பயணிக்க வேண்டும்.

பதில் (தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):
தடை சில நேரம் அறிவில் இல்லை, வார்டின் அன்றாட ஒழுங்கில் இருக்கிறது. பெரிய இரத்தக்குழாயில் செருகும் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியாக வரும் தொற்றை எப்படித் தடுப்பது என்பது முன்பே தெரிந்ததுதான்: கை கழுவுதல், முழுப் பாதுகாப்பு உறை, தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைத்தல், தொடைப்பகுதியில் செருகுவதைத் தவிர்த்தல், தேவையற்ற கதீட்டரை உடனே அகற்றுதல். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இவற்றை ஒரு சரிபார்ப்புப் பட்டியலாக்கி, படி தவறினால் மருத்துவரையே நிறுத்தச் சொல்லும் உரிமையைச் செவிலியருக்கு அளித்தன. ஒன்றரை ஆண்டில் தொற்று விகிதம் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைந்ததாக 2006இல் அறிவித்தார்கள். புதிய மருந்து எதுவும் அங்கே சேரவில்லை. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், முதலில் ஒரு வாரம் எங்களைப் போன்றவர்களின் இரவுப் பணியில் உடனிருந்து, எந்தப் படி எதனால் தவறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.