பைத்தான் ரெகெக்ஸில் தமிழ்ச் சொற்கள் துண்டாவது: உங்கள் அனுபவம் என்ன?

தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைத் தொகுப்பை இறக்கி, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று பைத்தான் நிரல்மொழியில் எண்ணிப் பார்த்தேன். சொற்களைப் பிரிக்க, எல்லாப் பாடங்களிலும் வரும் அதே ரெகெக்ஸ் (உரையில் எதைத் தேடுவது என்று சொல்லும் குறியீட்டுக் கோவை): பின்சாய்கோடு, சின்ன டபிள்யூ, கூட்டல் குறி. சொல்லின் பகுதியாகும் எழுத்துகள் தொடர்ந்து வரும் இடத்தை எடு என்று பொருள். பட்டியல் முழுக்க ஒற்றை எழுத்துகளும் அரைச்சொற்களும்தான். "தமிழ்" என்று கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டாக வருகிறது. இகரக் குறியும் புள்ளியும் காணாமல் போய்விடுகின்றன.

காரணம் யூனிகோடு வகைப்பாட்டில் இருக்கிறது; ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரம்தான் யூனிகோடு. த, ம, ழ மூன்றும் அங்கே 'எழுத்து'. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் 'குறி' என்ற வேறு வகை. பைத்தானோடு வரும் ரெகெக்ஸ் தொகுதி எழுத்து, எண், அடிக்கோடு இவற்றை மட்டும் சொல்லின் பகுதியாக ஏற்கிறது. நமக்கு 'மி' ஓரெழுத்து, அதற்கு ஒன்றரைதான்! ரெகெக்ஸில் சொல் எல்லையைக் காட்டப் போடும் பின்சாய்கோடு, சின்ன பி-யும் இதே கணக்கில் நடப்பதால், சொல்லின் நடுவிலேயே எல்லை கண்டுவிடுகிறது.

தமிழுக்கென யூனிகோடில் 128 இடங்கள் உண்டு, தசமத்தில் 2944 முதல் 3071 வரை. அந்த வீச்சைச் சதுர அடைப்புக்குள் கொடுத்ததும் சொற்கள் முழுசாக வந்தன. தமிழ் உரையைத் தொடுகிறவர்கள் முதலிலேயே இதற்கு மாறிவிடுங்கள். அறிமுகப் பாடங்கள் ஆங்கில உதாரணத்தோடு நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

— — —

எனக்குத் தலைவலி கொடுத்தது 'கொ'. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடினால் ஒன்று மற்றதோடு பொருந்தாது. தேடும் முன் உரை, தேடுசொல் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுதியில் அதற்கான செயற்கூறு இருக்கிறது.

— — —

'மல' என்று தேடினால் 'மலர்' மட்டுமா வருகிறது, 'கமலா'வும் வருகிறது. லகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வரக்கூடாது என்று எதிர்மறை லுக்அஹெட் (அடுத்து இது வந்தால் பொருத்தாதே என்னும் ரெகெக்ஸ் நிபந்தனை) சேர்த்தால் சரியாகிவிடும்.

எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டுமானால், ரெகெக்ஸ் என்ற பெயரிலேயே தனியாக நிறுவக்கூடிய நூலகம் இருக்கிறது. அதில் பின்சாய்கோட்டோடு பெரிய எக்ஸ் போட்டால் 'த', 'மி', 'ழ்' என்று அழகாகப் பிரித்துத் தருகிறது. 'க்ஷ'வை மட்டும் 'க்', 'ஷ' என்று இரண்டாக்கும், அதை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.