அரிசோனா போய் வந்த பிறகு விடாத இருமல்

கேள்வி: அண்ணன் அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பினார். மாதக்கணக்கில் இருமல், ராத்திரியில் பனியன் நனைகிற அளவுக்கு வியர்வை. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் குழி. பலதுறை மருந்தகத்தில் காசநோயோ என்றார்கள், சளியில் கிருமி இல்லை. அடுத்து என்ன கேட்பது?

பதில்: முதலில் அரிசோனா போனதைச் சொல்லுங்கள். அந்த மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை உண்டு, புழுதியோடு மூச்சில் போய்விடும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை கேளுங்கள். சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் ஆய்வகத்தையும் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும், வளர்ந்த பூஞ்சை அங்கே இருப்பவர்களுக்கே ஆபத்து.

பதில்: அதுதான் என்றால் வீட்டில் பயப்பட வேண்டாம், இருமலால் மற்றவருக்குப் பரவாது. ஆனால் பூஞ்சைக்கான மருந்தான ஃப்ளுகோனசோலோ இட்ராகோனசோலோ வழக்கமாக ஒரு வருடமாவது சாப்பிட வேண்டிவரும், நடுவில் ஈரல் சோதனையும் உண்டு.

கேள்வி கேட்டவர்: சரி, நாளைக்கே நிபுணரிடம் கேட்கிறோம். ரொம்ப நன்றி.